மகிழினி கூடுதல் நேரம் கேட்கிறார்

போன் அதிர்ந்தது.

“மகிழினி கூடுதல் நேரம் கேட்கிறார்.”

பதினோரு வயது மகளுக்குப் போன் ‘கேட்கிறார்’ என்று மரியாதை கொடுப்பதைப் பார்த்து, வழக்கம்போல அவளுக்குச் சிரிப்பு வந்தது.

உடனே கொடுத்துவிடவில்லை. அம்மா என்றால் கொஞ்சமாவது பிகு பண்ண வேண்டும்.

மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை. நர்சுகள் உடை மாற்றும் அறை. டூட்டி முடித்தவர்கள் எல்லோரும் போனும் காதுமாக இருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி மலையாளத்தில் மகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். வாய் வலிக்கத் திட்டினாள்.

அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மகிழினி அவளோடு பேசுவதில்லை. பிரிவது என்று ஆனபோது மகள் புதுக்கோட்டையிலேயே அப்பாவோடு இருந்துகொண்டாள். கூப்பிட்டால் அவர்தான் எடுப்பார். விளையாடப் போயிருக்கிறாள் என்பார்.

எந்நேரமும் விளையாடுகிற பிள்ளை.

ஆனால் மகளிடம் இருந்த டேப்லெட் அவள் வாங்கிக் கொடுத்தது. விமானம் ஏறும் முன் அதில் பூட்டும் போட்டுவிட்டு வந்திருந்தாள். தினமும் கொஞ்ச நேரம்தான் ஓடும். அதற்குமேல் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்க வேண்டும்.

பேசாத மகள் தினமும் கேட்டாள்.

ஒரு மணி நேரம் கொடுக்கலாம். நாள் முழுவதும்கூடக் கொடுக்கலாம். அவள் பதினைந்து நிமிடம்தான் கொடுப்பாள்.

அது தீர்ந்தால் மறுபடி கேட்பாளே.

மகள் என்ன பார்க்கிறாள் என்பதும் போனில் தெரியும். முன்பெல்லாம் பாட்டும் பொம்மைப் படமும். கொஞ்ச நாளாக ஆரி வேலை. ரவிக்கையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் மணி கோத்துப் பூப்போடும் வீடியோக்கள். கழுத்துக்கு ஒரு டிசைன், கைக்கு ஒரு டிசைன். விடாமல் பார்த்தாள்.

பட்டன் தைக்கத் தெரியாத அம்மாவுக்கு இப்படி ஒரு மகளா என்று இருந்தது.

போன் வரைபடத்தில் மகளின் புள்ளி வீட்டில் இல்லை. நாலு தெரு தள்ளி இருந்தது. தையல் வகுப்பில் சேர்த்துவிட்டிருப்பார்கள் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் அலைந்து மணி வாங்கினாள். தங்க நிறம், மயில் கழுத்து நிறம், அரிசி மாதிரி நீள மணி. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். மகளுக்கு, நன்றாகத் தைப்பாள் என்றாள்.

லீவுக்கு ஊருக்குப் போனால் என்ன பேசுவது என்ற பயம் அதோடு போயிற்று. மணியைப் பற்றிப் பேசலாம்.

பதினைந்து நிமிடம் என்பதைத் தொட்டாள். அனுமதி போயிற்று.

அடுத்த நிமிடமே ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத எண். ஊர் எண்.

“வணக்கம்மா. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகிட்ட செல்போன் கடை வச்சிருக்கேன். டேப்புக்குப் பின்னாடி உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு. பழச வாங்கி ஒரு தையக்கார அக்காவுக்குக் குடுத்தேன். லாக்கு மட்டும் என்ன பண்ணியும் போகல. அக்கா கஸ்டமர உக்கார வச்சு டிசைன் காட்டுறப்ப பொசுக்குனு நின்னுருதாம். பிச்ச போடுற மாதிரி கால் மணி நேரம், கால் மணி நேரமா யாருடா குடுக்குறான்னு கடைக்கே வந்து சத்தம் போடுது. கொஞ்சம் எடுத்துவிட்டுருங்கம்மா.”

இரண்டு முறை கேட்டாள்.

அந்த ஒட்டுத்தாளில் அவள் கையெழுத்துதான் இருக்கும். தொலைந்தால் இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று எழுதி, தண்ணீர் படாமல் இருக்க மேலே செலோடேப் ஒட்டியிருந்தாள்.

அவள் தங்கும் அறையில் கட்டிலுக்கடியில், பெட்டிக்குள், மணிகள் இருந்தன.

யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டு அனுப்பினாள். கேட்டிருக்க வேண்டாம்.

“பாப்பாவும் அவங்க அப்பாவும்தான்மா. பாப்பா புதுசு எடுத்துக்குச்சு. இதுல லாக்கு கீக்கு எதுவும் இருக்கக் கூடாதுன்னு அதுதான் பாத்துப் பாத்து எடுத்துச்சு. வெவரமான புள்ள.”

பக்கத்துப் பெஞ்சுக்காரி மகனைத் திட்டி முடித்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அமைப்புகளுக்குள் போனாள். எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

“மகிழினியின் கணக்கை மேற்பார்வையிலிருந்து நீக்கவா?”

நீக்கு. ரத்து செய்.

கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது. முகம் தெரியாத ஒரு தையற்காரி, ஆள் முன்னால் அவமானப்பட்டுத் தினமும் தன்னிடம் கையேந்தியிருக்கிறாள். அவளை நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகக் கேட்டது மகள் இல்லை என்று ஆனதுதான் தாங்கவில்லை.

மைக்கை அழுத்தினாள்.

“இப்பவே எடுத்துர்றேன் தம்பி. அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க.”

விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள்.

“இப்ப குடுத்தது தீந்ததும், கடைசியா இன்னும் ஒரே ஒரு தடவ கேக்கச் சொல்லுங்க. அப்பறம் எடுத்துர்றேன்.”

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறை காலியாகிக்கொண்டிருந்தது.