சத்தம் புகாத பெட்டி

“தைரியமாப் பேசும்மா. சுவத்துக்குக்கூடக் காது உண்டும்பாங்க, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு அதுவும் கிடையாது.”

பேராசிரியர் அருள்மணி சிரித்தார். பல்கலைக்கழகத்தின் இலவசக் காது பரிசோதனை வேன் அது. உள்ளே சத்தம் புகாத கண்ணாடி அறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு இவர்களையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் பவர்லூம் நெசவாளி பழனி.

ஆய்வு மாணவி சோபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் பழனியின் இடது காது அடியோடு போயிருந்தது. வலது காதும் போகிற வழியில் இருந்தது.

“சார், இன்னும் கொஞ்ச நாள் ஷெட்ல நின்னா சுத்தமாப் போயிடும். இவர்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாமே?”

“சொன்னா ஷெட் ஓனர் தனக்கோடி நாளைக்கே நம்ம வேனைத் துரத்திடுவாரு. அப்புறம் உனக்கு டேட்டா ஏது, பிஎச்.டி. ஏது? ஆளுங்ககிட்ட நார்மல்னு சொல்லு. நிஜமான நம்பர் தீசிஸ்ல இருந்தா போதும்.”

வழிகாட்டி கிழித்த கோட்டைத் தாண்டிப் பட்டம் வாங்கியவர் யார்? அப்பா பவுல்துரை வேறு, ஊரெல்லாம் ‘டாக்டர் சோபியா’ என்று சொல்லி வைத்திருக்கிறார். ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அடித்தபோது சோபியாவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

காலையில் பார்த்த ஷெட் நினைவுக்கு வந்தது. அந்த இரைச்சலில், பக்கத்தில் நின்று அருள்மணி கத்தியதே அவளுக்குக் கேட்கவில்லை. பழனியோ அந்தக் கோடியில் ஓயாமல் வாயாடிக்கொண்டிருந்தார். இந்தக் கோடியில் அவர் மனைவி கீதா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்குள் பழனியின் உதடுகள் இப்போதும் அசைந்துகொண்டிருந்தன.

“என்ன சார் முணுமுணுக்கிறாரு?”

“படவேட்டு அம்மனை வேண்டிக்கிறாரு போல.”

வேனின் கதவு திறந்திருந்தது. எதிரே ஷெட் வாசலில் கீதா நின்று, கண் கொட்டாமல் கண்ணாடிக்குள் இருந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி உள்ளே போனாள்.

ஒரு தறி நின்றது. அடுத்து இன்னொன்று. பொழுதெல்லாம் தடதடத்த தெரு அப்படியே அடங்கிப்போனது.

“கரன்ட் போயிடுச்சா?” என்றார் அருள்மணி.

ஷெட்டுக்குள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழனி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தார். சோபியா குரலை உயர்த்தினாள். “காது நல்லா இருக்குங்க ஐயா. நார்மல்தான்.”

வேன் படியில் கீதா வழியை மறித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷெட் மொத்தமும் நின்றது.

“நெசமான நம்பர் உங்க தீசிஸ்ல இருந்தா போதுமா சார்?”

அருள்மணிக்கு முகம் வெளுத்தது. “இ... இதை யாரும்மா உனக்குச் சொன்னது?”

கீதா கணவரைக் காட்டினாள்.

“தறிச் சத்தத்துல நாங்க வாயப் பாத்துகினுதான் சார் பேசுவோம்.”