வளைந்த கால்

“என்னங்க வேலை பாத்திருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார் படகுக்காரர். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

மெக்கானிக்குக்குத் திக்கென்றது. அவர் படகின் அடியில் புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் வெண்கலக் கால், பாறையில் இடித்து வளைந்துபோய், படகே கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. முந்தாநாள்தான் அந்தக் காலைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிக் கொடுத்திருந்தான். தன் கை பட்ட படகில் நிறைகுடத்தை வைத்தாலும் தளும்பாது என்று பீற்றிக்கொள்பவன் அவன்.

“ஏன் சார், மறுபடி அதிருதா?”

“அதிரவே மாட்டேங்குது!”

மெக்கானிக் காதைக் குடைந்துகொண்டான். “அதுக்குத்தானே சார் மாத்தினோம்?”

“உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. எம் புள்ள அந்த ஆட்டத்துலதான் தூங்குவான். ஏத்தி உக்கார வெச்சாலே கண்ணு சொக்கிடும். இப்ப படகு வெண்ணெய் மாதிரி போகுது, அவன் அழுது ஊரைக் கூட்டறான். வீட்ல ஒருத்தருக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல. அந்தப் பழைய காலையே மாட்டிக் குடுத்துடுங்க.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “அது இப்ப இல்லையே சார்.”

“தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“அய்யோ, இல்ல சார். அன்னிக்கு அதைக் கழட்டறதுக்கு முன்னாடி உங்க படகை ஓட்டிப் பாக்கறப்ப, என் சம்சாரமும் கைக்குழந்தையோட கூட வந்தா. அதான்...”

அவன் சொல்லி முடிப்பதற்குள், பட்டறைக்கு எதிரே மெக்கானிக்கின் சொந்தப் படகு கடகடவென்று அதிர்ந்தபடி வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி, அத்தனை இரைச்சலுக்கும் மேலாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க! புள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கு!”