பிரிட்ஜுக்கு வெளியே

பை சமையல் மேடையில் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருக்க வேண்டியது வெதுவெதுவென்று இருந்தது.

பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் அந்தப் பைதான் என் மனைவியின் சாப்பாடு. அவள் குடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம், அவள் மார்பில் வைத்திருக்கும் குழாயில் பையை மாட்டுவேன். விடியும்வரை ரத்தத்தில் இறங்கும்; குழாய் இழுபடாமல் இருக்க அவள் மல்லாந்தே கிடக்க வேண்டும்.

சர்க்கரை, புரதம், கொழுப்பு. வெளியே வைத்தால் கிருமிகளுக்குப் பந்தி விரித்த மாதிரி.

முன்பு ஒருமுறை ஏதோ ஒரு கிருமி அந்தக் குழாய் வழியாக உள்ளே போய்விட்டது. கட்டிலே ஆடும் அளவுக்கு அவளுக்குக் குளிர் நடுக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அதுவரை கும்பிடாத தெய்வங்களிடம் எல்லாம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் கை கழுவுகிற கழுவலில் ரேகையே தேய்ந்துவிட்டது. இனி எந்த ஜோசியரும் என்னை ஏமாற்ற முடியாது.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான், காலையிலிருந்து வெளியே ஒரு பை.

பிரிட்ஜைத் திறந்தேன். பை இருக்க வேண்டிய தட்டில் மச்சினனின் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது.

மனைவியின் தம்பி. வேலை தேடுவதாகச் சொல்லி எங்களோடு தங்கியிருக்கிறான். வேலைதான் இவனைத் தேடிக் களைத்துப் போயிருக்கும்.

"ஏன்டா, நீ ஜில்லுனு குடிக்கணும்னு உங்கக்கா சாப்பாட்டைத் தூக்கி வெளிய போட்டியா? இதை அவளுக்கு மாட்டறதும் விஷத்தை ஏத்தறதும் ஒண்ணுடா."

அவன் சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"தப்புதான் மாமா."

தப்பாம். பிரிட்ஜை ஓர் உதை விட்டேன். பிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கத்தரிக்கோலை எடுத்துப் பையை வெட்டி, தொட்டியில் கவிழ்த்தேன். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். அடுத்தது நாளைக்குத்தான் வரும். அதுவரை அவள் பட்டினி.

"துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்றேன்.

அவன் உடனே ஹாலுக்குப் போய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ரோஷம் இருப்பவன் நாலு வார்த்தை திருப்பிப் பேச வேண்டாமா?

"அவனை விடுங்க. நான்தான் வெளிய எடுத்து வெச்சேன்."

மனைவி இன்னும் அதே வாசலில்தான் நின்றிருந்தாள்.

"வாரத்துல ஒரு நாள் மாட்டாம விடலாம்னு டாக்டர் எப்பவோ சொல்லிட்டார். நீங்கதான் ஒத்துக்கவே இல்ல. கெட்டுப்போச்சுன்னா மட்டும்தான் மாட்ட மாட்டீங்க."

என் கோபம், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கத்தரிக்கோலோடு அங்கேயே நின்றது.

இன்னும் இருட்டக்கூட இல்லை. அவள் போய், சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.