முப்பத்தொரு சதவீதம்

விளையாட்டு அறிவியல் இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவியிடமும் கால்பந்து அகாடமி ஒரு வீராங்கனையை ஒப்படைக்கும். அந்த வீராங்கனை காயமில்லாமல் ஆண்டை முடித்தால்தான் மாணவிக்குப் பட்டம். மகிழ்மதிக்கு வாய்த்தவள் வியாசர்பாடி ஜெர்லின்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் மாநில அணித் தேர்வன்று, ஜெர்லினின் முழங்காலில் கட்டியிருந்த சென்சார் பட்டை, காயம்பட முப்பத்தொரு சதவீத ஆபத்து என்று மகிழ்மதியின் டேப்லெட்டில் காட்டியது. முப்பதைத் தாண்டினால், மகிழ்மதி கையெழுத்திடாமல் அவள் களமிறங்க முடியாது.

“போட்டுக் குடுக்கா. வலியே இல்ல.”

“அடுத்த வருசம் ஆடிக்கலாம்டி.”

“அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிடும். நீன்னா அரியர் எழுதிக்கலாம்.”

மகிழ்மதி கையெழுத்திடாமலே டேப்லெட்டைப் பைக்குள் வைத்தாள். ஜெர்லின் பூட்ஸைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்தாள்.

ஜூனில் மகிழ்மதியின் மதிப்பெண் பட்டியல் வந்தது. காயத் தடுப்பில் நூற்றுக்கு நூறு.