மூன்று நாற்பதின் சத்தம்

தொண்ணூற்றேழு எண்கள் இருக்க வேண்டிய அட்டவணையில் தொண்ணூற்றாறுதான் இருந்தன.

இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. பிற்பகல் மூன்று நாற்பதை மட்டும் காணோம்.

மேசைக்கு எதிரே அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். கல்லூரி வளாகத்தில் நடக்கும் இசைவிழா, நூலகத்தில் படிக்கிறவர்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பது அவளுடைய ஆய்வு. நூலகப் படிக்கட்டில் நின்று, ஒலி அளக்கும் மீட்டரைக் கையில் பிடித்தபடி, விழா நாள் முழுக்க அளந்ததாக அறிக்கை சொன்னது.

அறிக்கை ஆயிரம் சொல்லும். நான் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளன், இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். கூட்டத்தோடு நின்று பாட்டுக் கேட்டுவிட்டு, எண்களை அறையில் உட்கார்ந்து சமைத்தவர்கள் இந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேர் அகப்பட்டார்கள்.

சமைத்த எண் ஒன்று கிடைத்தாலும் அறிக்கை நிராகரிக்கப்படும். ஒரு வருடம் போய்விடும்.

அப்படி நிராகரித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. சொன்னால் மாணவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

"கையால எழுதின நோட்டு இருக்குமே, அதைக் கொடும்மா" என்றேன்.

கொடுப்பதற்குத் தயங்கினாள். பிறகு பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

பென்சிலில் எழுதிய நோட்டு. மூன்றரைக்கு நேரே 'கரண்ட் போச்சு, மேடை நின்றது' என்று குறிப்பு. மூன்று முப்பத்தைந்துக்கு 48 டெசிபல். மூன்று நாற்பதைப் பென்சிலால் அழுத்தி அடித்திருந்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருந்த எண் தெரிந்தது.

102.

பகல் முழுக்க ஓடிய அவளுடைய அட்டவணையில் இதுதான் பெரிய எண். அதுவும் ஒலிபெருக்கி செத்துக் கிடந்த நேரத்தில். சமைக்கிறவள் உப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டு, பிறகு பயந்து அடித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கரண்டே இல்லாதப்ப நூத்திரெண்டு எங்கிருந்தும்மா வந்துச்சு?"

மென்று விழுங்கினாள். "நான்தான் சார் கத்தினேன். எழுதினா நம்பமாட்டீங்கன்னு அடிச்சிட்டேன்."

எத்தனையோ சாக்குகள் கேட்டிருக்கிறேன். நோட்டு தண்ணீரில் விழுந்தது, மீட்டர் பழுது, மாமாவுக்குக் கல்யாணம். இது புதுசு.

மேசை மேல் அவள் துறையின் மீட்டர் இருந்தது. அதை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது போலவே மார்புக்கு நேரே பிடித்துக்கொள், அதே மாதிரி கத்து என்றேன். கொஞ்சம் கொடூரம்தான். ஆனால் அவளைக் காப்பாற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கதவைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

79.

தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை. 86. கதவு திறந்தது. அட்டெண்டர் தலையை நீட்டி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

மூன்றாவது முறை குரல் பிசிறியது. 88. அதற்கு மேல் அவளால் முடியாது என்பது கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

எண்பத்தெட்டு எங்கே, நூற்றிரண்டு எங்கே.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். கை வரவில்லை. இருந்தாலும் கழற்றினேன்.

அவள் மீட்டரை மேசையில் வைத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"அன்னைக்கு வந்த மாதிரி இப்ப வராது சார்" என்றாள். "அண்ணன் அப்பதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணான். அம்மாவுக்கு எடுத்தது சாதாரணக் கட்டிதானாம், பயப்பட ஒண்ணுமில்லையாம்."

சொன்னதும் அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் உருகிவிடவில்லை. இந்த நாற்காலியில் உருகினால் பிழைக்க முடியாது. அம்மாக்களை வைத்தும் எத்தனையோ கதைகள் கேட்டிருக்கிறேன். பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நோட்டை இன்னொரு முறை என் பக்கம் இழுத்தேன்.

அடித்த எண்ணுக்கு அடுத்த வரியைப் பார்த்தேன்.

மூன்று நாற்பத்தைந்து. 47.

மற்ற வரிகளில் எண்கள் எறும்புச் சாரி போல ஒழுங்காகப் போயின. இந்த 47 மட்டும் கோட்டை விட்டு இறங்கி, கோணல் மாணலாகக் கிடந்தது. ஏழின் காலில் பென்சில் முனை உடைந்து தாளைக் கிழித்திருந்தது. பக்கத்தில் ஈரம் பட்டுத் தாள் சுருங்கியிருந்தது.

அப்படி ஒரு செய்தி கேட்டு, அப்படிக் கத்திவிட்டு, ஐந்தாவது நிமிடம் அடுத்த எண்ணையும் எடுத்திருக்கிறாள்.

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அட்டவணையில் விடுபட்ட இடத்தில் நானே 102 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.