பின் சீட்டு

அசாம் ஜாவா ஊரின் கார் பட்டறையில், ரேஸ் காரின் புதுத் தோள் பெல்ட்டைப் பழைய துளையிலேயே தரையோடு முடுக்கப் போனான் ஹைருல். கார்க்காரர் உதயனின் மனைவி நிருபா தடுத்தாள்.

“தரையில வேணாம். சீட்டுக்குப் பின்னால குறுக்குக் கம்பி வச்சு, தோள் உயரத்துல கட்டுங்க.”

“கம்பி வச்சா பின் சீட்டைக் கழட்டணும்லா அக்கா. தரையிலயும் கெட்டியாத்தான் நிக்கும்.”

“கார் மோதினா தோளைக் கீழ இழுக்கும். முதுகெலும்பு தாங்காது.”

ஹைருல் சிரித்தான். “அண்ணன் கொடுத்து வச்சவர். ஒரே கார்தான் ரேஸுக்கும் வீட்டுக்கும். மத்த வீட்டம்மாங்க, பின் சீட்டைக் கழட்டினா பிள்ளைங்களை எங்க உட்கார வைக்கிறதுன்னு இங்கேயே வந்து சண்டை போடுவாங்க.”

“நானும் போட்டேன்,” என்றாள் நிருபா. “போன வருஷம், வேற பட்டறையில. உதயன் கம்பிதான் கேட்டார். நான் விடல. எனக்காகத் தரையில கட்டச் சொன்னார்.”

ஹைருலின் கையில் ஸ்பானர் நின்றது. “அப்போ அண்ணன்...?”

“காருக்கு முன்பக்கம் மட்டும்தான் நசுங்குச்சு. தட்டிச் சரி பண்ணியாச்சு. காரை வித்தாச்சு, வாங்கினவர் நாளைக்கு எடுத்துட்டுப் போறார். அவருக்காவது சரியா கட்டிக் கொடுங்க.”

அவள் கைப்பேசியில் அலாரம் அடித்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதயனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அவர் அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.