போர்தோவும் கோளாம்பியும்

"முழுங்கக் கூடாது. வாயில வச்சு ருசி பாக்கணும், பொறவு இதுக்குள்ள துப்பணும்."

ததேயுஸ் பித்தளைக் கோளாம்பியைத் தன் வீட்டு மேசை நடுவில் வைத்தான். தினமும் வெற்றிலை எச்சில் துப்புகிற அதே கோளாம்பிதான். இன்று புளி போட்டுத் தேய்த்ததில் தங்கமாகப் பளபளத்தது.

மத்தியாஸுக்கு வந்ததே கோபம்.

"எலே, துப்புறதுக்கா நான் கருவாட்டுக் கடையைப் பூட்டிட்டு வந்தேன்?"

அவன் கோபமும் நியாயம்தான். ததேயுஸ் பிரெஞ்சுக் கப்பலில் வெகுகாலம் பரிமாறுகிற வேலை பார்த்தவன். வேலையை விட்டுக் கொழும்பில் இறங்கியபோது கேப்டன் கொடுத்த இரண்டு புட்டிகளைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். ஒன்று போர்தோ, இன்னொன்று பர்கண்டி. இரண்டும் மகாயுத்தத்துக்கு முன்னால் அடைத்த சிவப்பு ஒயின். ஒரு மாதமாக இராஜாக்கமங்கலம் கடற்கரையில் இதே பேச்சுதான்.

கூட்டாளிகள் நான்கு பேர். மத்தியாஸையும் ததேயுஸையும் சொல்லியாயிற்று. ஞானையன் தேங்காய் வியாபாரி, சூசை மீன் பிடிக்கிற வள்ளக்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கள்ளுக்கு வந்துகொண்டிருந்த சூசை, கொஞ்ச மாதமாகத் தலைகாட்டுவதே இல்லை. கேட்டால் சாக்குப்போக்கு. "பெரிய மனுசன் ஆயிட்டான். இன்னைக்கும் வரலைன்னா அவன் சங்காத்தமே நமக்கு வேண்டாம்" என்று மத்தியாஸ் தீர்மானமாகவே சொல்லியிருந்தான்.

நல்லவேளை, சூசை வந்துவிட்டான். ஆனால் எந்த நேரத்திலும் எழுந்து போய்விடுகிறவன்போல நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தான்.

"போர்தோ துறைமுகத்துல பெரிய பெரிய யாவாரியெல்லாம் இப்படித்தாண்டே ருசி பாக்கானுவ. என் கண்ணால கண்டது," என்றான் ததேயுஸ். "முழுங்குறவனுக்கு ரெண்டாவது புட்டி கிடையாது. சொல்லிட்டேன்."

இரண்டாவது புட்டி என்றதும் மத்தியாஸ் அடங்கினான்.

தக்கை 'பொளக்'கென்று வந்தது. ஞானையன் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"அடியில மண்டி கெடக்கே. கெட்டுப் போச்சோ?"

"பழசுக்கு அதுதான் அடையாளம். ஆட்டாதடே, கலங்கிரும்!"

கண்ணாடிக் கிளாஸ் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டு பேருக்குத் தேய்த்து மினுக்கிய சிரட்டை. ததேயுஸ் மண்டி கலங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான்.

"பூசையில சாமியார் மட்டும் திராட்சரசம் குடிக்கதை எட்ட நின்னு பார்த்ததோட சரி," என்றான் மத்தியாஸ். அவன் குரலே மாறியிருந்தது. "நம்ம நாக்குல படுறது இன்னைக்குத்தான்."

நான்கு பேரும் வாயில் விட்டார்கள். முகம் முதலில் சுருங்கியது. பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது. கோளாம்பி நான்கு முறை 'ணங்'கென்றது.

"புளிக்கு. ஆனா கொள்ளாம்!" என்று ஞானையன் எழுந்தே விட்டான். "நாவப்பழம் தின்னாப்புல நாக்கைப் பிடிச்சு இழுக்கு!"

"கருவாடு கட்டுன சாக்கு மணம் வருதே," என்றான் மத்தியாஸ்.

"உன் மூக்குக்குக் கோயில் சாம்பிராணியும் கருவாடுதான்!" என்றான் ஞானையன்.

சூசை மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எல்லாரையும்விட அதிக நேரம் வாயில் வைத்திருந்து, ஒரு சொட்டு விடாமல் துப்பினான்.

"சுருட்டுப் பெட்டியைத் தொறந்த மணம்டே. அதுக்கும் பொறவு… மழை பெஞ்ச மண்ணு."

மற்றவர்கள் அவசரமாக மறுபடி வாயில் விட்டார்கள்.

"ஆமாடே! சுருட்டு!"

"மண்ணு! எனக்கும் வருது மக்கா!"

பர்கண்டி திறந்தபோது எல்லாரும் சூசை வாயையே பார்த்தார்கள். அவன் இப்போது மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றி முன்னால் வந்துவிட்டான்.

"பெருநாளுக்கு மறுநாள், சப்பரத்துல வாடிக் கெடக்குமே ரோசாப்பூ… அந்த மணம்."

மத்தியாஸ் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "லேய், எங்களைச் சப்பரத்துக்குப் பக்கத்துலயே கொண்டு நிறுத்திட்டியே! இத்தனை நாளு எங்கடே போயிருந்தே?"

சூசை வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டே எத்தனையோ நாளாகிவிட்டது.

அந்தக் குஷியில் மத்தியாஸின் தொண்டைக்குழி மெதுவாக அசைந்தது. ததேயுஸ் பாய்ந்து அவன் கன்னத்தைப் பிடித்தான்.

"துப்புலே!"

துப்பினான். பாவம், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாயந்திரம் சூசையும் ஞானையனும் தோளில் கைபோட்டுக்கொண்டு, சுருட்டா மண்ணா என்று வாதாடியபடியே போனார்கள். மத்தியாஸ் வாசலில் நின்று திரும்பினான்.

"ரெண்டு புட்டியிலயும் பாதியை மிச்சம் பிடிச்சிட்டியே! உன்னை மாதிரி ஒரு பிசினாறியை இந்தக் கடக்கரை கண்டதில்லடே!"

ததேயுஸ் கிளாஸையும் சிரட்டையையும் எடுத்து ஓரமாக வைத்தான்.

அவன் மனைவி குளோரிக்குத்தான் பொறுக்கவில்லை. "கப்பல்ல வெள்ளைக்காரங்க கூட்டாளியளை விருந்துக்குக் கூப்பிட்டு இப்படித்தான் துப்பச் சொல்லுவாங்களோ? உள்ள நின்ன எனக்கே நாணமாப் போச்சு."

"வெலைக்கு வாங்க வந்த யாவாரிதான் துப்புவான். விருந்துல துப்புன ஒருத்தனையும் நான் கண்டதில்லை."

"பின்ன?"

ததேயுஸ் புட்டிகளைத் தக்கையால் இறுக்கி அவளிடம் நீட்டினான். "மத்தியாஸ் வீட்டுக்கு ஒண்ணு, ஞானையன் வீட்டுக்கு ஒண்ணு, நாளைக்குக் கொடுத்து விடு. வயிறு நெறைய முழுங்கட்டும்."

"அப்போ சூசைக்கு?"

"அவன் பெண்டாட்டிக்கு ரெண்டு பிள்ளை தங்காமப் போச்சுல்லா. இந்தப் பிள்ளை பொறக்குற வரைக்கும் ஒரு சொட்டு தொண்டையில எறக்க மாட்டேன்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கான். வெளிய சொன்னா பலிக்காதுன்னு பயம். கோயில்ல அவன் அழுதுகிட்டே செபிச்சது என் காதுல விழுந்துட்டு."

குளோரி புட்டிகளை வைத்துவிட்டு, மேசைமேல் இருந்த கோளாம்பியைப் பார்த்தாள்.

"அவன் ஒருத்தன் மட்டும் துப்புனா ஏன்னு கேப்பானுவ ஏட்டி. நாலு பேரும் துப்புனா ஆரு கேப்பா?"